கச்சேரி டிக்கெட் விலை எங்கே ஏறுகிறது? செட்டிநாட்டிலிருந்து ஒரு கணக்கு

மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடக்கப்போவதாக அறிவிப்பு வருகிறது. விளம்பரத்தில் "ரூ. 999 முதல்" என்று இருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் ஒரு குடும்பம் நாலு பேருமாகப் போய்வரலாம் என்று செயலியைத் திறந்தால், 999 ரூபாய் டிக்கெட் தீர்ந்துபோயிருக்கிறது. மிச்சம் இருப்பது 2,500, 5,000, அதற்கும் மேல். சரி, ஒருமுறைதானே என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பணம் கட்டும் பக்கத்தில் தொகை கால் பங்கு கூடியிருக்கிறது. யோசிப்பதற்குள் அதுவும் தீர்ந்துவிடுகிறது. அன்று மாலையே அதே டிக்கெட் வேறொரு தளத்தில் இரண்டு மடங்கு விலையில் கிடைக்கிறது.

ரசிகர்களின் கோபத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, விலை. இன்னொன்று, விற்கிற முறை. விலை உயர்வுக்குப் பெரும்பாலும் காரணம் சொல்ல முடியும். விற்கிற முறையில் நடக்கும் பலவற்றுக்கு நியாயம் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துத் திட்டும்போது, "நல்ல இசைக்குக் காசு கொடுக்க மனமில்லை" என்று ரசிகரையே குற்றவாளி ஆக்குவது சுலபமாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது.

இலவசக் கச்சேரிக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கச்சேரி என்றால் கோயில் திருவிழா. இரவு சாமி புறப்பாடு முடிந்ததும் மேடையில் இன்னிசைக் கச்சேரி, பட்டிமன்றம், நாடகம். பாய் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்தால் விடிய விடிய கேட்கலாம். டிக்கெட் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இருந்து பார்த்தால் 2,500 ரூபாய் அநியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் கச்சேரிக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி. அந்த நாளின் செலவை ஒரு குடும்பமோ, ஒரு தெருவோ, ஒரு வணிகர் சங்கமோ ஏற்றுக்கொள்ளும். நகரத்தார் கோயில்களில் மணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுப் புள்ளி வரி வாங்குவார்கள். அதற்கு மேல் உபயம், நன்கொடை. திருமண வீடுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்து நாதஸ்வர வித்வான்களை வரவழைத்தபோதும் செலவு வீட்டுக்காரருடையது. கேட்கும் பாக்கியம் தெருவில் நின்றவருக்கும் உண்டு. இதே வழக்கத்தின் பெரிய வடிவம்தான் 1940-களில் நடந்தது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்துக்குத் துணைநின்று நடத்தினார்; 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது.

சென்னையில் டிசம்பர் சீசனில் பிற்பகல் கச்சேரிகளைப் பல சபாக்களில் இலவசமாகக் கேட்க முடிவதும் இதே அடிப்படையில்தான். ஸ்பான்சரும் உறுப்பினர் சந்தாவும் செலவைத் தாங்குகின்றன.

ஆக, பழைய முறையில் கேட்பவர் கொடுக்கவில்லை, ஊர் கொடுத்தது. டிக்கெட் நிகழ்ச்சியில் ஊர் கிடையாது. முழுச் செலவும் நாற்காலிகளின் தலையில் விழுகிறது. விலை உயர்வாகத் தெரிவதில் ஒரு பகுதி உண்மையில் இந்த இடமாற்றம்தான்.

கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு

திருவிழா மேடைக்கும் மைதான நிகழ்ச்சிக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மைதான நிகழ்ச்சியில் பெரும்பாலான செலவு, டிக்கெட் ஒன்று விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் மாறாதது:

1. கலைஞரின் சம்பளம். பெரிய பெயர் என்றால் இதுதான் தலையாய செலவு. கணிசமான பகுதியை முன்பணமாகக் கொடுத்தால்தான் தேதி கிடைக்கும்.

2. உடன் வரும் குழு. வாத்தியக்காரர்கள், கோரஸ், ஒலிப் பொறியாளர், நடனக்குழு. எல்லோருக்கும் விமானம், தங்குமிடம், சாப்பாடு.

3. மேடை, ஒலி, ஒளி. அந்தக் காலத்து ஆர்க்கெஸ்ட்ரா ஒரு வேனில் வந்து இறங்கும். இன்று எல்இடி திரைகள், தொங்கவிடும் ஸ்பீக்கர் வரிசை, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஜெனரேட்டர்கள் எல்லாம் லாரி லாரியாக வர வேண்டும். கைபேசியில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகிய ரசிகரும் இதை எதிர்பார்க்கிறார்.

4. மைதான வாடகை, தடுப்புகள், கழிப்பறை, குடிநீர், ஆம்புலன்ஸ், தனியார் காவலர்கள், அரசுத் துறைகளின் அனுமதிகள்.

5. பாடல் உரிமம். சினிமாப் பாடலை மேடையில் பாடினால் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பதிப்பு உரிமையாளருக்கும் உரிமத்தொகை சேர வேண்டும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்த உரிமை வலுவாகியிருக்கிறது. படைத்தவருக்குப் போய்ச்சேர வேண்டிய பணம் அது. அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

நான்காவதில் கவனம் குறைந்தால் எவ்வளவு ஆபத்து என்பதைக் கொச்சி காட்டியது. 2023 நவம்பர் 25-ஆம் தேதி அங்குள்ள குசாட் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த இசை நிகழ்ச்சியின்போது, மழைக்கு ஒதுங்க எல்லோரும் ஒரே நேரத்தில் அரங்குக்குள் நுழைய முயன்ற நெரிசலில் நான்கு பேர் இறந்தார்கள். நிகழ்ச்சி விலையில் குறைக்கவே கூடாத பகுதி ஒன்று உண்டென்றால் அது வாசல்களுக்கும் காவலுக்கும் ஆகும் பணம்.

இப்போது பேச்சுக்கு ஒரு கணக்கு. மாறாத செலவு 2 கோடி ரூபாய், இருக்கைகள் 8,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லா இருக்கையும் விற்றால், லாபமே இல்லாமல் சராசரி விலை 2,500 ரூபாய். அதில் 2,000 இருக்கைகள் ஸ்பான்சருக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டியவர்களுக்கும் இலவசப் பாஸாகப் போய்விட்டால், மிச்சம் 6,000 பேர் தலைக்கு 3,333 ரூபாய் கொடுத்தாக வேண்டும். முன்வரிசையில் ஓசிப் பாஸில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போகிறவரின் செலவை, பின்வரிசையில் காசு கொடுத்து நிற்கிறவர் சுமக்கிறார். இந்தப் பாஸ் எண்ணிக்கையை எந்த நிகழ்ச்சியும் வெளியே சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாட்டு மலிவானது, மேடை விலை ஏறியது

இசைக்கலைஞரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது முப்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. கேசட், சிடி காலத்தில் பதிவு விற்றது. கச்சேரி அந்த விற்பனைக்கு விளம்பரமாகவும் இருந்தது. இப்போது பாட்டு கைபேசியில் கிட்டத்தட்ட இலவசம். ஒருமுறை கேட்டால் கலைஞருக்குச் சேர்வது பைசாக் கணக்கு. நம் ஊர்த் திரையிசையில் இன்னும் ஒன்று உண்டு. பாடகருக்குப் பெரும்பாலும் பதிவுக்கு ஒருமுறை சம்பளம்தான். நிறைவாகச் சம்பாதிக்கும் இடம் மேடைதான். பாட்டைக் கேட்க நாம் கொடுக்காமல் விட்ட பணத்தை மேடையில் திரும்பக் கேட்கிறார்கள் என்றே சொல்லலாம்.

இதற்கு அடியில் இன்னொரு பொருளாதாரக் காரணமும் ஓடுகிறது. 1960-களில் வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் அதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்யலாம், பொருள் மலிவாகும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய உருப்படிக்கு இருநூறு ஆண்டு கழித்தும் அதே நான்கு பேர், அதே நேரம் வேண்டும். ஆனால் அந்த நான்கு பேரும் மற்றத் தொழிலில் இருப்பவர்களைப் போல வாழச் சம்பளம் வேண்டும். அதனால் நேரில் நடக்கும் கலை, மற்றப் பொருள்களைவிட எப்போதும் வேகமாக விலை ஏறிக்கொண்டே இருக்கும்.

உலக அளவில் பெரிய சுற்றுப்பயணங்களின் கணக்கைப் பார்க்கும் போல்ஸ்டார் என்ற தொழில் இதழின்படி, 1996-இல் சராசரி டிக்கெட் 26 டாலருக்குப் பக்கம். 2023-இல் முதல் 100 சுற்றுப்பயணங்களின் சராசரி 122 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் அதே காலத்தில் பொதுவிலைவாசி சுமார் இரண்டு மடங்குதான் ஆனது. டிக்கெட் நான்கு மடங்குக்கு மேல். ஆக, பௌமோல் சொன்னது மட்டும் இதை விளக்காது. மிச்சம் விற்கிற முறையில் இருக்கிறது.

2,000 ரூபாய் டிக்கெட் 2,549 ஆவது எப்படி?

முதலில் வரி. இசை நிகழ்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி இல்லை. 500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும். 500 ரூபாய் டிக்கெட் 500-தான். 600 ரூபாய் டிக்கெட் 708. இந்த 500 ரூபாய் வரம்பு 2018-இல் வைத்தது. அதற்குப் பிறகு விலைவாசி எவ்வளவோ ஏறியும் வரம்பு அப்படியே நிற்கிறது. இதைத் தவிர, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலத்தின் பழைய கேளிக்கை வரி போய், உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டும் கேளிக்கை வரி போடும் அதிகாரம் மிச்சம் வைக்கப்பட்டது. அதுவும் ஏற்பாட்டாளரின் கணக்கில் சேரும்.

அப்புறம் டிக்கெட் தளத்தின் சேவைக்கட்டணம். கன்வீனியன்ஸ் ஃபீ என்று கடைசிப் பக்கத்தில் வருவது. அந்தக் கட்டணத்துக்கும் தனியாக 18 சதவீத ஜிஎஸ்டி.

சேவைக்கட்டணம் 8 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால்:

1. டிக்கெட்: 2,000
2. அதற்கு ஜிஎஸ்டி: 360
3. சேவைக்கட்டணம்: 160
4. சேவைக்கட்டணத்துக்கு ஜிஎஸ்டி: 28.80
5. மொத்தம்: 2,548.80

நாலு பேருக்கு 10,195 ரூபாய். 8,000 என்று நினைத்து உட்கார்ந்த குடும்பம் 2,195 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது. வரியைத் தளம் முடிவு செய்யவில்லை, உண்மைதான். ஆனால் முதல் பக்கத்திலேயே 2,549 என்று காட்டுவதை யாரும் தடுக்கவில்லை. கடைசியில் காட்டுவதற்குக் காரணம், அதற்குள் நாம் இருக்கை தேர்ந்தெடுத்து, பேர் எழுதி, வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லியும் முடித்திருப்போம். திரும்பி வர மனம் வராது.

சினிமாவோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் புரியும். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. கச்சேரி டிக்கெட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. "இதைக் கேட்க ஆளில்லையா?" என்ற கேள்விக்கு, விலையைப் பொறுத்தவரை ஆளில்லை என்பதுதான் பதில்.

க்யூவில் நின்றவருக்குக் கிடைக்காதது ஏன்?

கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் நிகழ்ச்சி இந்தியாவில் இந்தக் கேள்வியை எல்லோர் வாயிலும் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 18, 19, 21 தேதிகளில் நவி மும்பையில் நிகழ்ச்சி. 2024 செப்டம்பர் 22 மதியம் புக்மைஷோ தளத்தில் விற்பனை தொடங்கியது. விலை 2,500 முதல் 35,000 வரை. 1.3 கோடிப் பேர் முயன்றதாக அந்த நிறுவனமே பின்னர் சொன்னது. மூன்று நாளுக்கும் சேர்த்து இரண்டு லட்சம் இருக்கைகூடக் கிடையாது. அன்றே மறுவிற்பனைத் தளங்களில் லட்சங்களில் விலை போட்டார்கள். கள்ளவிற்பனை குறித்து நிறுவனம் காவல்துறையில் புகார் கொடுத்தது. மும்பைக் காவல்துறை நிறுவனத்தையே விசாரணைக்கு அழைத்தது. அமலாக்கத்துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது.

பொதுவாகப் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட் விற்பனையில் மூன்று தனித்தனி விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, முன்விற்பனை. குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள், ஸ்பான்சரின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாள் என்று பொது விற்பனைக்கு முன்பே ஒரு பங்கு போய்விடும். பொது விற்பனை தொடங்கும்போது எத்தனை டிக்கெட் மிச்சம் இருந்தது என்று யாரும் அறிவிப்பதில்லை. கிரெடிட் கார்டே இல்லாத தேவகோட்டைக் கல்லூரி மாணவர் அலாரம் வைத்துக் காத்திருந்தது, பாதி காலியான பெட்டிக்காக.

இரண்டாவது, மாறும் விலை. தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை–காரைக்குடி ஆம்னி பஸ் டிக்கெட் விலை தேவைக்கேற்ப ஏறுவது நமக்குப் பழக்கம். அதையே கச்சேரிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 31-இல் ஒயேசிஸ் இசைக்குழு மீண்டும் சேர்ந்து பாடுவதற்கான டிக்கெட் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, கட்டணங்கள் சேர்த்து 148 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்களுக்கு, முறை வந்ததும் 355 பவுண்டு காட்டியது. அந்த நாட்டின் போட்டிச் சந்தை ஆணையம் விசாரணையே தொடங்கியது. மக்களைக் கொதிக்கவைத்தது தொகையைவிட, மலிவான டிக்கெட் தீர்ந்ததும் அடுத்த விலைதான் என்பதைக் காத்திருக்கும்போது சொல்லாததுதான்.

மூன்றாவது, பிளாக். இதற்கு ஒரு அடிப்படைக் காரணம் உண்டு. கலைஞர் தன் ரசிகர்களை மனதில் வைத்து, சந்தை தாங்கும் விலையைவிடக் குறைவாக வைக்கிறார். 3,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 10,000 கொடுக்க ஆள் இருந்தால், நடுவில் இருக்கும் 7,000-ஐ எடுக்க யாராவது வருவார்கள். முன்பு தியேட்டர் வாசலில் கையில் சுருட்டி வைத்து விற்றவர். இப்போது ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கணக்குகளில் புகுந்து வாங்கும் மென்பொருள். அமெரிக்கா 2016-இலேயே இந்த மென்பொருளைத் தடைசெய்து சட்டம் போட்டது. இருந்தும் 2022 நவம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சியின் முன்விற்பனை நாளில் டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனைத் தளம் 350 கோடி வேண்டுகோள்களின் பாரத்தில் திணறியது. பொது விற்பனையையே ரத்துசெய்ய வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் குழு இதை விசாரித்தது. டிக்கெட் விற்பவர், நிகழ்ச்சி நடத்துபவர், அரங்கம் வைத்திருப்பவர் எல்லாம் ஒரே குடையின்கீழ் வந்ததே சிக்கல் என்று 2024 மே மாதம் அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்கும் தொடுத்தது.

நம் நாட்டிலும் அந்தத் திசையில்தான் காற்று வீசுகிறது. டிக்கெட் விற்கும் தளங்களே நிகழ்ச்சியும் நடத்துகின்றன. 2024-இல் பேடிஎம் நிறுவனத்தின் டிக்கெட் தொழிலை ஸொமேட்டோ 2,048 கோடி ரூபாய்க்கு வாங்கி டிஸ்ட்ரிக்ட் என்ற டிக்கெட் செயலியைக் கொண்டுவந்தது. பெரிய நிகழ்ச்சி என்றால் கதவு இரண்டோ மூன்றோதான். இரண்டு கதவு மட்டும் இருக்கும் வீட்டில் சேவைக்கட்டணம் குறைய வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

பணம் கொடுத்தும் உள்ளே போக முடியாவிட்டால்

தமிழ் ரசிகர்களுக்கு 2023 செப்டம்பர் 10 மறக்காது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் வைத்திருந்த ஏராளமானோர் வாசலிலேயே திரும்ப வேண்டிவந்தது. உள்ளே பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். நிகழ்ச்சி நடத்தியவர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். ரகுமானும் வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்டார்.

விலையைப் பற்றிய விவாதத்தில் இந்தச் சம்பவத்தைச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதிக விலை கொடுப்பவர் மனதில், விலையோடு வசதியும் உறுதியும் வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் கோல்டு, பிளாட்டினம், டயமண்டு என்ற பெயர்களுக்கு எந்த வரையறையும் கிடையாது. ஒரு நிகழ்ச்சியின் கோல்டு இன்னொன்றில் பின்வரிசை. எண் போடாத இருக்கை என்றால், பணம் கொடுத்து வாங்கியது நாற்காலியை அல்ல, நாற்காலிக்குப் போட்டிபோடும் உரிமையைத்தான்.

காரைக்குடிக்காரர் வாங்கும் இரண்டாவது டிக்கெட்

நகரத்து விவாதங்களில் இந்தச் செலவு கணக்கிலேயே வருவதில்லை. காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ தொண்ணூறு கிலோமீட்டர் அளவில். நிகழ்ச்சி இரவு பத்தரைக்கோ பதினொன்றுக்கோ முடிந்தால், மைதானத்தைவிட்டு வெளியே வரவே முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. நாலு பேர் என்றால் கார் பிடித்துத்தான் போய்வர வேண்டும்.

சென்னை என்றால் இன்னும் கஷ்டம். 400 கிலோமீட்டருக்கு மேல். காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் கிளம்பினால் மதியம் போய்ச் சேரலாம். ஆனால் நிகழ்ச்சி முடிந்த இரவு திரும்ப முடியாது. பல்லவன் பிற்பகலிலும், காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் மாலையிலுமே சென்னையைவிட்டுக் கிளம்பிவிடும். ஒரு இரவு அறை, இரண்டு நாள் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், மறுநாள் வேலையில் ஒரு விடுப்பு. நிகழ்ச்சி தள்ளிப்போனால் டிக்கெட் பணம் ஒருவேளை திரும்ப வரும். அல்லது புதிய தேதிக்குச் செல்லும் என்பார்கள். ரயிலுக்கும் அறைக்கும் கொடுத்ததை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பனையூர் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டபோது, சென்னைவாசி ஒரு மாலையை இழந்தார். வெளியூர்க்காரர் இரண்டு முறை பயணச் செலவு செய்தார்.

சிறிய ஊர்களின் ரசிகர்கள்மீது விழும் இந்தப் பாரத்தைப் பற்றி ஏற்பாட்டாளர்கள் பேச வேண்டும். தேதி மாற்றினால் முழுப்பணத்தையும் திரும்பக் கேட்கும் உரிமையாவது டிக்கெட்டிலேயே எழுதித் தரப்பட வேண்டும்.

சட்டம் இப்போது என்ன தருகிறது?

விலைக்குக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், விற்கும் முறைக்கு இருக்கிறது. 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. கச்சேரி டிக்கெட்டுக்கு நேராகப் பொருந்துபவை மூன்று:

1. விலையைத் துண்டுதுண்டாகக் காட்டி, மொத்தத்தைக் கடைசியில் சொல்வது.

2. நாம் கேட்காத ஒன்றை, உதாரணமாகக் காப்பீடு அல்லது நன்கொடை, நமக்குத் தெரியாமலே பில்லில் சேர்ப்பது.

3. "இன்னும் 3 டிக்கெட்தான்" என்று பொய்யான அவசரம் காட்டுவது.

இவற்றைப் பார்த்தால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்க விலை, கடைசிப் பக்க விலை இரண்டும் நேரத்தோடு இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே வெளியூர்க்காரருக்குப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை நிறுவனத்துக்கு எதிராகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.

மறுவிற்பனைக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் இல்லை. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில், டிக்கெட்டை அதன் அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைச் சட்டவிரோதமாக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் 2025 மே முதல் மொத்த விலையை முதலிலேயே காட்டுவது கட்டாயம். இரண்டையும் இங்கே கொண்டுவர எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. சட்டம் வரும்வரை, மறுவிற்பனைத் தளத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது. ஒரே கியூஆர் குறியை நாலு பேருக்கு விற்றிருந்தால், முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே, மற்ற மூவர் வெளியே.

இங்கேயே நடத்த முடியுமா?

மைதான அளவு நிகழ்ச்சி காரைக்குடிக்கு வராததற்குக் காரணம் ரசனைக் குறைவு அல்ல. மாறாத செலவு 2 கோடி என்றால் அதைப் பிரித்துக்கொள்ள எட்டாயிரம் பத்தாயிரம் பேர் வேண்டும். அத்தனை பேரைச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஒரே இரவில் டிக்கெட் வாங்கவைப்பது கடினம். 2024-இல் மாநகராட்சி ஆனதால் மட்டும் இது மாறாது.

ஆனால் நடுத்தர அளவுக்குக் கணக்கு வேறு. 1,200 பேர் அமரும் அரங்கு, டிக்கெட் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அரங்கு நிறைந்தால் 6 லட்சம். இதில் ஒரு நெருடல் உண்டு. வரிவிலக்கு பெற்ற டிக்கெட் என்பதால், ஒலி ஒளிக்கு ஏற்பாட்டாளர் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. இன்னொரு பக்கம் ஒரு சலுகையும் உண்டு. கர்நாடக இசை, நாதஸ்வரம், நாட்டுப்புறக் கலை போன்றவற்றை நிகழ்த்தும் கலைஞரின் சம்பளம் ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சத்துக்குள் இருந்தால் அதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு இது பொருந்தாது.

6 லட்சத்தில் நட்சத்திரப் பாடகர் வரமாட்டார். நல்ல நாதஸ்வரக் கச்சேரியோ, தமிழிசையோ, வளரும் இசைக்குழுவோ தாராளமாக வரலாம். இன்னொரு 3 லட்சத்தை மண்டகப்படி போல ஊரிலிருந்தும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடமிருந்தும் திரட்டினால், 200 இருக்கைகளை மாணவர்களுக்கு 100 ரூபாய்க்குக் கொடுத்த பிறகும் கையில் 8 லட்சத்துக்கு மேல் நிற்கும். செலவில் ஒரு பங்கை ஊரும் இன்னொரு பங்கைக் கேட்பவரும் கொடுக்கும் ஏற்பாடு இது. இதற்கு வேண்டியது, எத்தனை டிக்கெட் விற்பனைக்கு, எத்தனை பாஸ், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் வரவு செலவுக் கணக்கு ஒட்டுவதுபோல ஒரு தாள்.